வாலைநீர் பருகிய வரலாறு

நீரைக் காய்ச்சி ஆவியாக்கி, அந்த ஆவியைக் குளிர்வித்து மீண்டும் நீராகச் சேர்த்துக்கொள்ளும் வித்தை மனித குலத்துக்கு மிகப் பழைய காலத்திலேயே கைவந்ததொன்று. நம் நாட்டுச் சித்த வைத்தியர்கள் வாலை என்னும் வடிகலத்தை அடுப்பிலேற்றி ஓமத்திலிருந்தும் சோம்பிலிருந்தும் தீநீர் இறக்கினார்கள். வாசனைத் தொழில் செய்தோர் ரோஜா இதழ்களிலிருந்து பன்னீர் வடித்தார்கள். ஆயினும், மருந்துச் சரக்கு எதையும் இடாமல் வெறும் நீரையே வாலையில் இட்டு வடித்து, அதை அன்றாடம் தாகத்துக்குப் பருக வேண்டும் என்று கிணறும் ஊருணியும் ஆறும் வாய்த்த நிலத்து மக்களுக்குத் தோன்றக் காரணமே இல்லை. அந்த எண்ணத்தைப் பிறப்பித்தது கடல். அதை வளர்த்தது கப்பல். அதைக் குறித்து ஐயத்தையும் அச்சத்தையும் எழுப்பி, பிறகு அவற்றுள் பொய்யைக் களைந்து மெய்யை நிலைநாட்டியது வைத்திய சாஸ்திரம். இன்று நம் வீடுகளில் உப்புச் சத்து ஏறக்குறைய முழுதும் நீங்கிய நீரைப் பருகும் பழக்கம் பரவிவரும் காலத்தில், இந்த வரலாறு நாம் அறிந்துகொள்ளத்தக்கது என்று உறுதியாகக் கருதுகிறேன்.

கடல்நீர் ஒரு லிட்டரில் சுமார் 35 கிராம் உப்பு கரைந்திருக்கிறது. அவ்வளவு உப்பை அந்த அளவு நீருக்குள்ளேயே அடக்கி வெளியேற்றும் ஆற்றல் மனிதனுடைய சிறுநீரகங்களுக்கு இல்லை. ஆகவே கடல்நீரைக் குடித்தவனுடைய சரீரம், அந்த உப்பைத் தள்ளுவதற்காகத் தன்னிடமுள்ள நல்ல நீரையும் இழந்து, முன்னினும் அதிகமாக வறண்டுபோகிறது. கடல்நீர் ஆவியாகிக் குளிர்ந்தால் உப்பற்ற நீராகிறது என்னும் உண்மையைக் கிரேக்க ஞானி அரிஸ்டாட்டில் தமது நூலில் எடுத்துரைத்தார். அவருக்குச் சுமார் 500 ஆண்டுகளுக்குப் பின், அவருடைய நூலுக்கு உரை கண்ட அஃப்ரோடிசியாஸ் நகரத்து அலெக்ஸாண்டர், மாலுமிகள் செம்புக் கலத்தில் கடல்நீரைக் கொதிக்கவைத்து, அதன் வாயருகே கடற்பஞ்சைத் தொங்கவிட்டு, ஆவியை உறிஞ்சிய பஞ்சைப் பிழிந்து குடிப்பதைப் பற்றி எழுதினார். உயிர் போகும் தறுவாயில் உள்ளவனுக்கு அந்நீர் போதும். ஒரு கப்பல் நிறைந்த மனிதருக்கு அது போதாது.

ஐரோப்பியர் மாதக்கணக்கில் கரை காணாமல் கடலோடத் தொடங்கிய பிறகுதான் இந்த வித்தைக்கு மெய்யான தேவை ஏற்பட்டது. மரப் பீப்பாய்களில் நிரப்பிச் சென்ற நீர் சில வாரங்களில் நிறம் மாறி, பாசி பிடித்து, நாற்றமெடுக்கும். அதையும் அளந்துதான் கொடுப்பார்கள். 1593இல் தென்கடலை நோக்கிப் புறப்பட்ட ஆங்கிலேய மாலுமி ரிச்சர்ட் ஹாக்கின்ஸ், கப்பலிலேயே கடல்நீரை வடித்து எடுத்ததையும், அந்நீரில் நோயாளிகளுக்கும் ஆரோக்கியமுள்ளோருக்கும் உணவு சமைத்ததையும், அது உடம்புக்கு ஏற்றதாகவும் போஷாக்குள்ளதாகவும் இருந்ததையும் 1622இல் வெளியான தமது பிரயாண நூலில் பதிவு செய்தார். வாலைநீரைப் பலர் சேர்ந்து உட்கொண்டதன் பலனைப் பற்றிய பழைய சாட்சியங்களுள், அதை உட்கொண்டவர் ஒருவரே எழுதிவைத்தது என்பதால் இது தனிச் சிறப்புடையது.

ஆனால் ஒரு மாலுமியின் அனுபவம் பண்டிதர்களின் ஐயத்தைத் தீர்த்துவிடவில்லை. அடுப்பில் வெந்து வந்த நீரில் தீய்ந்த வாடை இருந்தது. அந்த வாடையோடு நெருப்பின் உஷ்ண குணமும் நீரில் ஏறியிருக்கும் என்று சிலர் அஞ்சினர். உப்பு அடியில் தங்கினாலும் அதன் கார சாரம் ஆவியோடு எழுந்துவந்து குடலை அரிக்கும் என்று வேறு சிலர் வாதித்தனர். இந்த அச்சத்தைப் போக்குவதற்காகவே, நீரை வடிக்கும்போது சாம்பற்காரம், சுண்ணக்கல், சுட்ட எலும்பு முதலியவற்றைச் சேர்க்க வேண்டுமென்ற முறைகள் ஒன்றன்பின் ஒன்றாகத் தோன்றின. இங்கிலாந்தில் 1675இல் வில்லியம் வால்காட் என்பவரும், 1683இல் ராபர்ட் ஃபிட்ஸ்ஜெரால்ட் என்பவரும் கடல்நீரை இனிய நீராக்கும் உரிமைப் பட்டயங்களைப் பெற்றுத் தமக்குள் பூசலிட்டனர். ரசாயன நூல் வல்லவரான ராபர்ட் பாயில் ஃபிட்ஸ்ஜெரால்டின் முயற்சியை ஆதரித்ததோடு, வெள்ளியைக் கரைத்த திராவகத்தில் ஒரு துளி விட்டால் நீரில் எஞ்சியுள்ள உப்பு வெண்மையாகத் திரண்டு தன்னைக் காட்டிக்கொடுக்கும் என்ற சோதனையையும் கையாண்டார். நாவின் ருசியை மட்டும் நம்பி நீரின் தன்மையைத் தீர்மானித்த காலம் அத்துடன் முடிவை நெருங்கியது.

இந்தச் சேர்மானங்கள் யாவும் வீண் என்பதைத் தெளிவாக எடுத்துக் காட்டியவர், ஸ்கர்வி நோய்க்கு ஆரஞ்சும் எலுமிச்சையும் மருந்தாவதை 1747இல் கப்பலில் சோதித்துக் காட்டிய அதே ஜேம்ஸ் லிண்டுதான். போர்ட்ஸ்மத் அருகிலுள்ள ஹாஸ்லர் கடற்படை மருத்துவமனையில் வைத்தியராக இருந்த அவர், எதையும் சேர்க்காமல் நேராக வடித்த கடல்நீரே குடிக்கத் தகுந்ததென்று 1762இல் அறிவித்தார். பிரான்சில் புவாசோனியே என்ற வைத்தியர் அமைத்த வடிகலம், 1766இல் உலகைச் சுற்றப் புறப்பட்ட பூகன்வீலின் கப்பலில் ஏறிற்று. எனினும் ஆங்கிலேயப் பார்லிமெண்டு 1772இல் வழங்கிய 5,000 பவுன் பரிசு லிண்டைச் சேரவில்லை; கப்பலின் சமையற் கொப்பரை மூடியிலேயே ஒரு அகன்ற குழாயைப் பொருத்தி, அக்குழாயை ஈரத் துணியால் ஓயாமல் துடைத்துக் குளிர்விக்கும் எளிய உபாயத்தைக் காட்டிய சார்ல்ஸ் இர்விங்கையே அது சேர்ந்தது.

அந்தக் குழாயருகே நின்று உழைத்தவர்களுள் ஒருவர் பெயரை நன்றியோடு குறிப்பிட வேண்டும். சிறுவயதில் அடிமையாக விற்கப்பட்டு, தம் சொந்தச் சம்பாத்தியத்தால் 1766இல் விடுதலையை விலைகொடுத்து வாங்கிக்கொண்ட ஒலாவுடா எக்குவியானோ, இர்விங்கிடம் பணியாளராகச் சேர்ந்து, 1773இல் வட துருவத்தை நோக்கிச் சென்ற ஃபிப்ஸ் தலைமையிலான பயணத்தில் நாள்தோறும் 26 முதல் 40 காலன் வரை கடல்நீரை வடித்தெடுத்தார். அந்நீர் தூய்மையாகவும் ருசியாகவும் உப்பின்றியும் இருந்ததென்று 1789இல் வெளியான தமது சரிதையில் அவர் எழுதியிருக்கிறார். அதே காலத்தில் தமது இரண்டாம் உலகப் பிரயாணத்தில் இர்விங்கின் கருவியைப் பரீட்சித்த கேப்டன் குக், அது பயனுள்ளதே என்று ஒப்புக்கொண்டாலும், அதை மட்டுமே நம்பி எவரும் கடலில் இறங்கலாகாது என்று எச்சரித்தார். அவருடைய தயக்கத்துக்குக் காரணம் ஆரோக்கியம் அன்று, விறகும் கரியும்தான். நீரைச் சுமப்பதற்குப் பதிலாக அந்நீரை வடிப்பதற்கான விறகைச் சுமக்க வேண்டியிருந்தால், கப்பலுக்கு அதனால் மிஞ்சும் லாபம் அற்பமே.

பத்தொன்பதாம் நூற்றாண்டு பிறந்தபின், வாலைநீர் சரீரத்துக்குக் கெடுதியா என்ற கேள்விக்குத் திட்டமிட்டே விடை தேட முற்பட்டது பிரெஞ்சுக் கடற்படை. 1817இல், ஃப்ரேசினே என்பவர் ஊரானி என்ற கப்பலில் உலகைச் சுற்றப் புறப்படும் சமயத்தில், துறைமுகச் சிறைகளில் இருந்த கைதிகளுக்கு ஒரு மாத காலம் வடித்த கடல்நீரையே குடிக்கவும் சமைக்கவும் கொடுத்துப் பார்த்தார்கள். அவர்களுக்குத் தீங்கேதும் நேரவில்லை. மனிதரை, அதிலும் மறுக்க வழியற்ற கைதிகளை, இவ்வாறு சோதனைப் பொருளாக்கியதை இன்றைய தர்மம் ஏற்காது. ஆயினும் குறுகிய காலத்துக்கு இந்நீர் நஞ்சாவதில்லை என்பதற்கு அது வலுவான சான்றாயிற்று. எஞ்சியிருந்த குறை ருசி ஒன்றுதான். கொதித்த நீரில் கரைந்திருந்த காற்று யாவும் வெளியேறிவிடுவதால், வாலைநீர் நாவுக்குச் சப்பென்றிருந்தது. 1851இல் அல்ஃபோன்ஸ் நார்மண்டி பட்டயம் பெற்ற கருவி, குளிரும் நீரோடு காற்றைக் கலக்கவிட்டு, கரியினூடே வடிகட்டி, அதைக் கிணற்று நீரின் ருசிக்கு அருகே கொண்டுவந்தது. நீராவிக் கப்பல்களில் கொதிகலன் ஏற்கெனவே எரிந்துகொண்டிருந்தமையால் விறகுக் கவலையும் தீர்ந்தது. அந்நூற்றாண்டின் பிற்பகுதியில் நம்மவரை ஒப்பந்தக் கூலிகளாகத் தொலைதேசத் தீவுகளுக்கு ஏற்றிச் சென்ற கப்பல்களிலும் இத்தகைய வடிகலங்கள் இடம் பெற்றன. தாமிரபரணியையும் காவிரியையும் குடித்து வளர்ந்தவர்கள், நடுக்கடலில் அந்தக் கடலையே வடித்த நீரைக் கைநீட்டி வாங்கிக் குடித்தார்கள்.

இத்துடன் வாலைநீர் குற்றமற்றதென்று தீர்ப்பாகிவிட்டதாக எண்ணத் தோன்றும். ஆனால் உஷ்ணமண்டலக் கடல்களில் சென்ற பிரெஞ்சுப் போர்க்கப்பல்களில், வயிற்றைப் பிசைந்து வாட்டும் ஒரு கொடிய சூலை நோய் மாலுமிகளைப் பீடித்துவந்தது. அதை வறள் சூலை என்று அழைத்து, வெப்ப நாட்டின் காற்றே காரணமென்று வைத்தியர்கள் பலகாலம் நம்பினார்கள். கடற்படை வைத்தியரான அமெதே லெஃபேவ்ர் 1859இல் வெளியிட்ட ஆராய்ச்சியில், அது காற்றின் குற்றமன்று, காரீயத்தின் குற்றமே என்று நிரூபித்தார்: கப்பலின் குழாய்களிலும், சமையற் கலங்களின் பூச்சிலும், நீர் வடிக்கும் கருவியின் பாகங்களிலும் இருந்த காரீயமே மெல்ல மெல்ல மாலுமிகளின் உடம்பில் ஏறியிருந்தது. இதில் வாலைநீருக்கு ஒரு தனிப் பங்கு உண்டு. கிணற்று நீரிலும் ஆற்று நீரிலும் கரைந்துள்ள சுண்ணாம்புச் சத்து, குழாயின் உட்புறத்தில் மெல்லிய படலமாகப் படிந்து உலோகத்தை மூடிக் காக்கிறது. அச்சத்து ஏதுமில்லாத வாலைநீரோ உலோகத்தை நேரே தொட்டுக் கரைத்துக்கொள்கிறது. தன்னிடம் ஒன்றும் இல்லாத நீர், தொட்டதிலிருந்தெல்லாம் எடுத்துக்கொள்ள முனைகிறது. நீரின் நன்மை தீமையைச் சொல்லும்போது அது தங்கும் கலத்தையும் சேர்த்தே சொல்ல வேண்டும் என்பது இந்த வரலாற்றின் முதற்பாடம். பல்லாயிரம் மாலுமிகள் வேதனையுற்று நமக்குக் கற்பித்த பாடம்.

பின்னர் வாலைநீர் கடலைவிட்டுக் கரையேறிற்று. மழை அரிதான ஏடன் துறைமுகத்தில், சூயஸ் கால்வாய் திறந்தபின் பெருகிய கப்பல்களுக்கும் படைவீரர்களுக்கும் கடல்நீரை வடிக்கும் ஆலைகள் எழுந்தன. சிலி நாட்டு வெடியுப்புப் பாலையில், லாஸ் சலினாஸ் என்னுமிடத்தில், 1872இல் சார்ல்ஸ் வில்ஸன் என்பவர் கண்ணாடி வேய்ந்த மரத் தொட்டிகளைப் பரப்பி, விறகின்றிச் சூரிய வெப்பத்தாலேயே நாளொன்றுக்குச் சுமார் 5,000 காலன் நீரை வடித்தார். எல்லாவற்றினும் பெரிய பரீட்சை நடந்தது மேற்கு ஆஸ்திரேலியாவில். 1892இல் கூல்கார்டியிலும், 1893இல் கல்கூர்லியிலும் தங்கம் கண்டெடுக்கப்பட, ஆயிரக்கணக்கானோர் வறண்ட புதர்க்காட்டுக்குள் பாய்ந்தனர். அங்கே நிலத்தடியில் நீர் உண்டு. ஆனால் அது கடலைப்போல் உப்பு. இரும்புத் தொட்டிகளில் அந்த உப்புநீரை ஊற்றி, சுற்றிலுமிருந்த மரங்களை வெட்டி எரித்து, நீண்ட தகரக் குழாய்களின் வழியே ஆவியைச் செலுத்திக் காற்றிலேயே குளிரவைத்து, சொட்டுச் சொட்டாகச் சேர்த்த நீரை விலைக்கு விற்றார்கள். காலன் 6 பென்ஸ் என்றிருந்த விலை, வறட்சி முற்றிய நாட்களில் இரண்டரை ஷில்லிங்வரை ஏறிற்று. இந்தியாவின் வடமேற்கிலிருந்தும் ஆப்கானிஸ்தானத்திலிருந்தும் சென்ற ஒட்டகக்காரர்கள் அந்நீரைத் தொலைவிலுள்ள முகாம்களுக்குச் சுமந்துசென்றனர்.

அந்தத் தங்கவயல்களில் ஜனங்களைக் கொன்றது டைஃபாய்டு ஜுரம். கொதித்து வடிந்த நீரில் அந்நோயின் கிருமி இருக்க முடியாது. ஆனால் குடிப்பதற்கே விலைகொடுத்து வாங்கிய நீரில் கைகழுவவும் துணிதுவைக்கவும் பாத்திரம் அலம்பவும் எவருக்கு மனம் வரும்? தூய நீர் இருந்தும், அது போதிய அளவு இல்லாமையால் அசுத்தம் பெருகி நோய் பரவிற்று. நீரின் தூய்மையைப்போலவே அதன் தாராளமும் ஆரோக்கியத்துக்கு இன்றியமையாதது என்ற இரண்டாம் பாடத்தை அம்மக்கள் உயிரைக் கொடுத்துக் கற்றனர். மலைப்பக்கத்து முண்டாரிங் அணையிலிருந்து சுமார் 350 மைல் தூரம் எஃகுக் குழாய் அமைத்து, எட்டு நீரேற்று நிலையங்களால் உந்தி, நாள்தோறும் 50 லட்சம் காலன் நன்னீரைக் கொண்டுவரும் திட்டத்தைப் பொறியியலார் சி. ஒய். ஓ'கானர் வகுத்தார். ஏளனத்தையும் நிந்தையையும் தாங்கமாட்டாமல் 1902 மார்ச்சில் அவர் தம் உயிரை மாய்த்துக்கொண்டார். 1903 ஜனவரியில் கல்கூர்லிக்கு நீர் வந்தடைந்தது. வடிகலங்கள் ஒவ்வொன்றாக அவிந்தன.

கப்பலிலும் பாலையிலும் மனிதர் இந்நீரைக் குடித்து வாழ்ந்திருக்க, ஆராய்ச்சிச் சாலையிலிருந்து ஒரு புதிய அச்சம் கிளம்பிற்று. லண்டனில் ஸிட்னி ரிங்கர் என்ற வைத்தியர், தவளையின் இருதயத்தைப் பிரித்தெடுத்து, உப்பு கரைத்த நீரில் இட்டு அதன் துடிப்பை ஆராய்ந்து 1882இல் எழுதினார். அந்த உப்புக் கரைசல் வாலைநீரில் செய்யப்படாமல் நகரக் குழாய்நீரில் செய்யப்பட்டிருந்தது பிற்பாடு தெரியவந்தது. மெய்யான வாலைநீரில் கரைசல் செய்து மீண்டும் சோதித்தபோது இருதயம் விரைவில் துடிப்பைக் கைவிட்டது. சிறிது சுண்ணாம்புச் சத்தைச் சேர்த்ததும் மறுபடி துடித்தது. குழாய்நீரில் இருந்த கால்ஷியமே அதுவரை அந்த இருதயத்தை இயக்கிவந்ததென்று 1883இல் அவர் அறிவித்தார். வாலைநீரில் விட்ட மீன்கள் சில மணி நேரத்தில் மடிவதையும் அவர் காட்டினார். இவற்றைத் தொடர்ந்து, 1898இல் ஜெர்மனியில் ஹான்ஸ் கோப்பே என்பவர், உப்பற்ற தூய நீர் உயிரணுக்களுக்கு நஞ்சு என்றும், ஆஸ்திரியாவின் காஸ்டைன் மலையூரில் ஜனங்கள் நச்சூற்று என்று ஒதுக்கிய ஊற்றின் நீர் கிட்டத்தட்ட வாலைநீரே என்றும் எழுதி, வைத்திய உலகைக் கலக்கினார்.

அவர் சொன்னது ஓரளவில் உண்மையே. இரத்தத்தின் செவ்வணுக்களை வாலைநீரில் இட்டால், நீர் உட்புகுந்து அவை பருத்து வெடித்துச் சிதறுகின்றன. ஆகவேதான் வெறும் வாலைநீரை இரத்தநாளத்தில் ஊசி வழியே பெருமளவில் செலுத்துவது உயிருக்கு ஆபத்தாகிறது. ஆனால் வாய்வழியே பருகும் நீர், பருகிய வண்ணமே இரத்தத்தை அடைவதில்லை. உமிழ்நீரும் இரைப்பையின் புளிப்பு நீரும் குடலின் சுரப்புகளும் அதனோடு உப்புக்களைக் கலக்கின்றன. உண்ட ஆகாரமும் கலக்கிறது. தனித்து எடுத்த ஓர் இருதயத்துக்கு நஞ்சானது, உண்டு உறங்கி உழைக்கும் முழு மனிதனுக்கும் நஞ்சாகும் என்று முடிவு செய்தது அவசரமே. உணவையும் நீரையும் சேர்த்தே எடைபோட வேண்டும் என்பது மூன்றாம் பாடம்.

அப்படியாயின் அச்சம் முழுதும் பொய்யா? இருபதாம் நூற்றாண்டின் நடுவில் அந்தக் கேள்வி நிதானமான வடிவில் திரும்பி வந்தது. 1957இல் ஜப்பானில் கோபயாஷி, ஆற்றுநீரின் தன்மைக்கும் பக்கவாத மரணங்களுக்கும் தொடர்பு இருக்கலாமென்று காட்டினார். 1960இல் அமெரிக்காவில் ஷ்ரோடரும், 1961இல் இங்கிலாந்தில் மாரிஸ் முதலியோரும், கடின நீர் வழங்கும் ஊர்களைவிட மென்னீர் வழங்கும் ஊர்களில் இருதய நோய் மரணம் மிகுந்திருப்பதைக் கணக்கிட்டனர். எல்லா ஆராய்ச்சிகளும் ஒருமுகமாக முடியவில்லையெனினும், நீரிலுள்ள மக்னீஷியத்தின்மீது வைத்தியர்களின் கவனம் திரும்பிற்று. காஸ்பியன் கடலோரப் பாலையில் எழுந்த ஷெவ்சென்கோ நகரம், 1973 முதல் அணுசக்தி உலையின் வெப்பத்தால் வடித்த கடல்நீரையே நம்பி வாழ்ந்தது. அங்கே வாலைநீரோடு கனிமம் செறிந்த நிலத்தடி நீரை அளவாகக் கலந்தே மக்களுக்கு வழங்கினார்கள். மென்மையின் எல்லையை அடைந்த நீரைத் தொடர்ந்து பருகும்போது சிறுநீர் மிகுந்து, அதனோடு சோடியம், பொட்டாசியம், கால்ஷியம், மக்னீஷியம் ஆகியவை வெளியேறுவதைச் சோவியத் ஆராய்ச்சியாளர் கண்டனர். 1980இல் உலக சுகாதார ஸ்தாபனத்துக்காக அவர்கள் தயாரித்த அறிக்கை, குடிநீர் ஒரு லிட்டரில் குறைந்தது 100 மில்லிகிராம் கரைந்த உப்புக்களும், அவற்றுள் 30 மில்லிகிராம் கால்ஷியமும் இருத்தல் நலம் என்று பரிந்துரைத்தது.

இதன் பொருளை ஒரு சிறு கணக்கால் விளங்கிக்கொள்ளலாம். வளர்ந்த ஒருவருக்கு நாளொன்றுக்கு ஏறத்தாழ 1,000 மில்லிகிராம் கால்ஷியம் வேண்டும். லிட்டருக்கு 50 மில்லிகிராம் கால்ஷியம் உள்ள நீரை இரண்டு லிட்டர் பருகினால், அத்தேவையில் பத்தில் ஒரு பங்கு நீரிலிருந்தே கிடைத்துவிடுகிறது. பாலும் மோரும் கீரையும் கேழ்வரகும் தாராளமாகக் கிடைக்கும் வீட்டில் அந்தப் பத்தில் ஒரு பங்கை இழப்பது பெரிதன்று. ஒருவேளைக் கஞ்சியோடு நாளைக் கழிக்கும் வீட்டில் அது பெரிதே. சமையலிலும் இந்த இழப்பு தொடர்கிறது: உப்பற்ற நீரில் காய்கறியையோ தானியத்தையோ வேகவைக்கும்போது, அவற்றின் மக்னீஷியமும் கால்ஷியமும் 60 சதவீதம் வரைகூட நீரில் இறங்கிவிடுகின்றன. அந்த நீரை வடித்துக் கொட்டும் பழக்கமுள்ள நாம் இதைச் சிந்திக்க வேண்டும்.

இந்த வரலாறு இப்போது நம் கரைக்கே வந்து சேர்ந்திருக்கிறது. கல்பாக்கத்தில் அணுமின் நிலையத்தை ஒட்டி அமைந்த ஆலை, வடித்தல் முறையால் நாளொன்றுக்கு 45 லட்சம் லிட்டரும், மெல்லிய சவ்வினூடே நீரை அழுத்தி உப்பைப் பிரிக்கும் சவ்வு முறையால் 18 லட்சம் லிட்டரும் நன்னீர் தரும்படி அமைக்கப்பட்டது. சென்னையிலுள்ள தேசியக் கடல் தொழில்நுட்பக் கழகம், 2005இல் லட்சத்தீவின் கவரத்தியில், கடலின் மேற்பரப்பு நீரைக் குறைந்த அழுத்தத்தில் ஆவியாக்கி, ஆழ்கடலின் குளிர்நீரால் அதைக் குளிர்வித்து, தினமும் ஒரு லட்சம் லிட்டர் குடிநீர் எடுக்கும் நிலையத்தை நிறுவிற்று. மணல் தீவின் மக்களுக்கு அது பெரும் பாக்கியமாயிற்று. மீஞ்சூரிலும் நெம்மேலியிலும் சவ்வு முறையில் கடல்நீர் நன்னீராகிறது. இவை யாவும் தேவையில் பிறந்த நற்பணிகள். அங்கெல்லாம் குறைந்த கனிமத்தை அளவறிந்து திரும்பச் சேர்ப்பது எளிய காரியம். கவலை தருவது வேறு: நல்ல ஆற்றுநீரும் கிணற்றுநீரும் வரும் வீடுகளிலும்கூட, அதே சவ்வு முறையில் நீரைச் சுத்திகரிக்கும் கருவியின் முகப்பில் தெரியும் உப்பளவு எவ்வளவு குறைகிறதோ அவ்வளவு ஆரோக்கியம் என்றெண்ணி, நீரிலுள்ள சத்தையெல்லாம் சுரண்டி எறிவதோடு, அதற்காகச் செலுத்திய நீரில் பெரும்பகுதியைச் சாக்கடையில் விடும் வழக்கம் பரவியிருக்கிறது. ஒரு லிட்டரில் 500 மில்லிகிராமுக்குக் குறைவாக உப்புள்ள நீருக்கு இக்கருவி வேண்டாமென்று தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2019இல் உத்தரவிட்டது இதனாலேயே.

வாலைநீர் அமிர்தமும் அன்று, நஞ்சும் அன்று. நடுக்கடலிலும் பாலையிலும் உயிரைக் காத்த அதன் உபகாரத்தை மறப்பது நன்றிகெட்ட செயல். உப்புநீரோ ஃப்ளூரைடு மிகுந்த நீரோ அன்றி வேறு கதியில்லாத ஊர்களில் இன்றும் அதைப் போன்ற நீரே துணை. அதைத் தக்க கலத்தில் வைத்து, நல்ல ஆகாரத்தோடு பருகுவோருக்கு அஞ்சவேண்டியது மிகக் குறைவு. ஆனால் நல்ல நீர் வாசலில் ஓடும்போது, அதன் குணத்தையே களைந்துவிட்டுப் பருகுவதைத் தூய்மை என்று கருதுவது, நானூறு ஆண்டுகளாக மாலுமிகளும் கைதிகளும் சுரங்கத் தொழிலாளரும் வைத்தியர்களும் சேர்த்துவைத்த அறிவைப் புறக்கணிப்பதாகும். தன் வீட்டுக்கு வரும் நீரில் என்ன இருக்கிறது என்பதை முதலில் பரிசோதித்து அறிந்து, நீக்கவேண்டியது எதுவோ அதை மட்டும் நீக்கிக்கொள்வதே விவேகம்.